தனிச் சொல்லும் சொற்குடும்பமும்

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. எழுதவும் திருத்தவும் நாம் பயன்படுத்தும் உரைத்தொகுப்பான் என்ற மென்பொருளில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு வரியை நீக்க ஒரு கட்டளை, ஒரு சொல்லைத் தேட ஒரு கட்டளை, எடுத்துவைத்ததை மீண்டும் ஒட்ட ஒரு கட்டளை. அந்தக் கட்டளைகளுக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'யாங்க்' என்றால் வெடுக்கென்று பிடித்து இழுப்பது. பில் ஜாய் 1976-இல் எழுதிய வி.ஐ. என்ற தொகுப்பானில் 'யாங்க்' என்ற கட்டளை உரையை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ரிச்சர்ட் ஸ்டால்மனின் பெயரோடு இணைந்த ஈமாக்ஸும் அதே 1976-இல் பிறந்தது. அதில் 'யாங்க்' என்ற கட்டளை, எடுத்துவைத்த உரையைக் கொண்டுவந்து ஒட்டும். ஒன்றில் எடுப்பது, மற்றொன்றில் இடுவது. 'டிலீட்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வி.ஐ.-இல் 'டிலீட்' செய்த உரை பத்திரமாக ஓரிடத்தில் தங்கியிருக்கும், விரும்பினால் வேறிடத்தில் ஒட்டலாம். ஈமாக்ஸில் 'டிலீட்' செய்தது அப்படித் தங்காது. தங்க வேண்டுமென்றால் அங்கே 'கில்' என்ற கட்டளையை நாட வேண்டும்.

இவற்றில் எது சரி? பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டு வாதாடியிருக்கிறார்கள். தனிச் சொல்லை முன்னால் வைத்துக் கேட்கும்போது இதற்கு விடையே கிடையாது என்பது என் கருத்து. கர்சர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், இழுப்பது என்பது உரையைக் கிடங்குக்குள் இழுப்பதாகவும் இருக்கலாம், கிடங்கிலிருந்து வெளியே இழுப்பதாகவும் இருக்கலாம். இரண்டும் நியாயமான படிமங்களே. ஒரு கட்டளைப் பெயரின் தெளிவு அந்தச் சொல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் மற்றப் பெயர்களோடு அதற்குள்ள உறவில்தான் பெரும்பகுதித் தெளிவும் இருக்கிறது. ஒரு பெயரைக் கற்றவர் அடுத்த பத்துப் பெயர்களை ஊகித்துவிட முடிந்தால் அந்தப் பெயர்த் தொகுதி நல்லது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய நேர்ந்தால், சொற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொகுதி பழுதானதே. இந்த ஒரு கருத்தைச் சான்றுகளோடு நிறுவுவதே இன்றைய உரையின் நோக்கம்.

பழைய பெயர்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைக் குறை சொல்வது முறையாகாது. 1969-ஐ ஒட்டி பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய 'எட்' தொகுப்பான் டெலிடைப் எந்திரங்களில் இயங்கியது. டெலிடைப் 33 வகை எந்திரம் நொடிக்குப் 10 எழுத்துகளைத்தான் காகிதத்தில் அடிக்கும். அந்த வேகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் விலை உண்டு. ஆகவே ஒரே எழுத்தே கட்டளையாக இருந்தது: சேர்ப்பதற்கு 'ஏ', நீக்குவதற்கு 'டி', எழுதிவைக்க 'டபிள்யூ', வெளியேறக் 'கியூ'. ஆனால் ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான் இருக்கின்றன. 'சி' என்ற எழுத்து மாற்றுவதற்குப் போய்விட்டதால், 'காப்பி' என்ற செயலுக்கு அதன் முதலெழுத்து கிடைக்கவில்லை. 'டி' என்ற ஓசையுள்ள வேறோர் எழுத்தை, 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்லின் ஆங்கில முதலெழுத்தை, அதற்குக் கொடுத்தார்கள். வரியைக் காட்டும் கட்டளைக்குப் 'பிரின்ட்' என்ற சொல்லின் முதலெழுத்தான 'பி' வாய்த்தது. காகிதத்தில் உண்மையாகவே அச்சானதால் அந்தப் பெயர் அன்று முற்றிலும் பொருத்தம். பிறகு திரை வந்தது, அச்சு போனது, பெயர் மட்டும் நின்றது. வி.ஐ. வந்தபோது எடுத்ததை இடும் 'புட்' என்ற கட்டளைக்கும் அதே 'பி' தரப்பட்டது. இன்றும் வி.ஐ.-யின் வழிவந்த விம் தொகுப்பானில் வெறும் 'பி' விசையை அழுத்தினால் உரை ஒட்டப்படும். முக்காற்புள்ளி இட்டு 'பி' என்று அடித்தால் வரி காட்டப்படும். ஒவ்வொரு முடிவுக்கும் அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. பெயர்கள் அனைத்தையும் ஒருசேர நிறுத்திப் பார்க்கும் வேளைதான் வாய்க்கவில்லை.

என் கருத்துக்கு எதிரானதுபோல் தோன்றும் ஆய்வொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 1983-இல் தாமஸ் லேண்டவர், கேத்லீன் கலோட்டி, ஹார்ட்வெல் ஆகிய மூவரும் உரை திருத்தும் கட்டளைகளின் பெயர்களைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கணினிச் சொற்கள் தரப்பட்டன. இன்னொரு குழுவுக்குத் தட்டச்சாளர்கள் தாமாகவே சொல்லக்கூடிய இயல்பான சொற்கள். மூன்றாவது குழுவுக்குச் செயலோடு எந்தத் தொடர்பும் இல்லாத சொற்கள். அதாவது, சேர்ப்பதற்குக் 'குற்றஞ்சாட்டு' என்பதைப் போன்ற பெயர்கள். தொடக்கநிலைக் கற்றலில் மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதைக் கேட்டவுடன், பெயரில் என்ன இருக்கிறது, எதை வைத்தாலும் மனிதர் கற்றுக்கொள்வார் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அங்கே கற்கவேண்டிய கட்டளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான்கைந்து பெயர்களை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். நானூறு பெயர்கள் வரும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும், ஊகம்தான் கைகொடுக்கும். இந்த ஆய்வை நான் என் பக்கச் சான்றாகவே படிக்கிறேன். தனிச் சொல்லின் இயல்பான பொருத்தம் நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியம் இல்லை என்றுதான் அது காட்டுகிறது.

1987-இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் லேண்டவர் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு கோணத்தில் உறுதிசெய்தது. ஒரு பொருளுக்கோ செயலுக்கோ தமக்குத் தோன்றும் பெயரைச் சொல்லுமாறு மக்களைக் கேட்டபோது, இருவர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட துறைகளில் உரை திருத்தமும் ஒன்று. அப்படியானால் எல்லோருக்கும் உடனே தோன்றும் மிகச் சரியான சொல் என்று ஒன்று இல்லவே இல்லை. அதைத் தேடிப் பல மணிநேரம் வாதாடுவது இல்லாத ஊருக்கு வழி கேட்பதுபோல. பெயர் வைப்பவர் தமக்குத் தெளிவாகத் தெரிவதால் எல்லோருக்கும் தெளிவு என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தத் துறையின் பழைய நோய்.

அப்படியானால் எது உதவுகிறது? ஜான் கேரல் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் எந்திர மனிதனை இயக்கும் கட்டளைகளை வெவ்வேறு வகையாக அமைத்துக் கற்பித்தார். ஒரு வகையில் எதிர்ச்செயல்களுக்கு எதிரிணைச் சொற்கள் இருந்தன, 'முன்னேறு', 'பின்வாங்கு' என்பதுபோல. இன்னொரு வகையில் 'போ', 'பின்னே' என்பதுபோல ஒன்றோடொன்று இணையாத சொற்கள். இணைகளாக அமைந்த பெயர்களைக் கற்றவர்களுக்கே கற்றல் எளிதாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1980-இல், ஹென்றி லெட்கார்டும் கூட்டாளிகளும் ஒரே தொகுப்பானை இரண்டு உருவில் சோதித்திருந்தார்கள். ஒன்றில் கட்டளைகள் எழுத்தும் குறியீடுமாக இருந்தன. மற்றொன்றில் அதே கட்டளைகள் சிறு வாக்கியங்களாக இருந்தன. செய்யக்கூடிய வேலைகளில் இரண்டும் ஒன்றே. இருந்தும் புதியவர்கள் மட்டுமல்லாமல் பழகியவர்களும் வாக்கிய உருவில்தான் கூடுதலாக வேலை முடித்தார்கள், பிழையும் குறைவாகச் செய்தார்கள். தனிச் சொல்லுக்குப் பெரிய ஆற்றல் இல்லை என்று சொன்ன ஆய்வையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை புலப்படும். வாக்கியத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வினை எங்கே, பொருள் எங்கே என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வரும். கற்றவருக்குத் துணைநின்றது அந்த ஒழுங்குதான்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஈமாக்ஸைப் பார்ப்போம். அதன் கட்டளைப் பெயர்கள் பல சொற்களைச் சிறுகோட்டால் இணைத்து ஆனவை. 'ஃபார்வர்ட்-கேர்' ஓர் எழுத்து முன்னே நகர்த்தும், 'ஃபார்வர்ட்-வேர்ட்' ஒரு சொல் நகர்த்தும். 'பேக்வர்ட்' என்று மாற்றினால் திசை மாறும். இரண்டு பெயர் கற்றவருக்கு 'பேக்வர்ட்-சென்டென்ஸ்' என்ற கட்டளை இருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 'கில்', 'டிலீட்' ஆகிய இரண்டும்கூட முதலில் விசித்திரமாகத் தோன்றினாலும் நல்ல வேறுபாட்டைக் காக்கின்றன: எடுத்ததை 'கில்-ரிங்' என்ற கிடங்கு வளையத்தில் சேமிப்பது 'கில்', சேமிக்காமல் நீக்குவது 'டிலீட்'. குறை அந்தச் சொற்களில் இல்லை. அவை தந்த வாக்கை அதே தொகுப்பான் மீறும் இடங்களில்தான் குறை இருக்கிறது. 'கில்-லைன்' வரியை எடுத்துச் சேமிக்கும். ஆனால் 'கில்-பஃபர்' திறந்திருக்கும் உரை முழுவதையும் மூடிவிடும், அந்த உரை வளையத்துக்குப் போகாது. 'கில்-ரிங்-சேவ்' என்ற கட்டளையோ எதையும் எடுப்பதே இல்லை, வெறுமனே நகலெடுக்கிறது. சொல்லின் வரிசையும் தடுமாறுகிறது. நகர்வுக் கட்டளைகளில் திசைச் சொல் முதலில் வரும், 'சர்ச்-ஃபார்வர்ட்' என்ற தேடலில் அது பின்னால் வரும். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனப்படும் கோவைத் தேடலைக் குறிக்கும் சொல் 'ரீ-சர்ச்-ஃபார்வர்ட்' என்பதில் சுருங்கி முன்னால் நிற்கிறது, 'கொயரி-ரீப்ளேஸ்-ரெக்எக்ஸ்ப்' என்பதில் நீண்டு பின்னால் நிற்கிறது. ஈமாக்ஸில் பெயர்ப் பகுதியை வைத்துக் கட்டளைகளைத் தேடித்தரும் 'அப்ரபோ' என்ற அருமையான வசதி உண்டு. பெயரில் ஒழுங்கு இருக்கும் இடத்தில் அது வழிகாட்டி. ஒழுங்கு குலைந்த இடத்தில் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார், தவறவிட்டது அவருக்குத் தெரியவும் தெரியாது.

வி.ஐ. மரபு இன்னும் கூர்மையான சான்று. அதன் பெயர்கள் ஓரெழுத்துகளே. பார்த்தவுடன் யாருக்கும் எதுவும் விளங்காது. ஆனாலும் அதைக் கற்றவர்கள் கைவிடுவதில்லை. காரணம், அந்த எழுத்துகளுக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது. நீக்கு, மாற்று, நகலெடு என்று சில வினைகள். ஒரு சொல் வரை, வரியின் இறுதி வரை, பத்தியின் இறுதி வரை என்று சில எல்லைகள். எந்த வினையோடும் எந்த எல்லையையும் சேர்க்கலாம். 3 வினையும் 20 எல்லையும் கற்றவருக்கு 60 கட்டளைகள் கைவசமாகின்றன. 23 பெயரின் உழைப்புக்கு 60 பெயரின் பலன். இங்கேயும் இலக்கணம் மீறப்படும் இடத்தில்தான் வலிக்கிறது. பெரிய எழுத்து 'டி' வரியின் இறுதிவரை நீக்கும், பெரிய எழுத்து 'சி' வரியின் இறுதிவரை மாற்றும். அப்படியானால் பெரிய எழுத்து 'ஒய்' வரியின் இறுதிவரை நகலெடுக்க வேண்டுமல்லவா? அது முழு வரியையும் நகலெடுக்கும். விம் கையேடே மற்ற முறைதான் தர்க்கத்துக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டு, அதை மாற்றிக்கொள்ளும் வழியையும் சொல்லித்தருகிறது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம், 2021-இல் வந்த தன் 0.6 பதிப்பில் இந்த விதிவிலக்கை நீக்கி, 'ஒய்' எழுத்தையும் மற்ற இரண்டோடு சேர்த்தது. சொல்லே இல்லாத ஓரெழுத்துப் பெயர்களிலும் ஒழுங்கின் பசி எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று உலகம் முழுவதும் வழங்கும் 'கட்', 'காப்பி', 'பேஸ்ட்' ஆகிய மூன்றையும் இங்கே நினைக்க வேண்டும். 1970-களின் நடுவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற தொகுப்பானை ஒரு பதிப்பகத்துக்காக உருவாக்கினார்கள். பதிப்பாசிரியர்கள் கத்தரியும் பசையும் கொண்டு தாளை வெட்டி ஒட்டித் திருத்திய காலம் அது. அந்த மேசையிலிருந்து பெயர்கள் வந்தன. இவை வென்றதற்கு அந்தப் படிமம் மட்டும் காரணமாகாது. வெட்டியதும் நகலெடுத்ததும் ஒரே இடத்துக்குப் போகும், ஒட்டுவது அந்த இடத்திலிருந்தே வரும் என்ற உறவு மூன்று பெயர்களுக்குள்ளும் கட்டுக்கோப்பாக இருந்தது. ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்ற இரண்டும் தாமாக விளங்கின. ஈமாக்ஸும்கூட இன்று தன் மெனுவில் இந்தப் பெயர்களையே காட்டுகிறது. ஆனால் மெனுவில் 'பேஸ்ட்' என்று படித்தவர் கையேட்டைத் திறந்தால் 'யாங்க்' என்ற சொல்லைத்தான் சந்திப்பார்.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். பழகிய கைகள் பெயரைப் படிப்பதில்லை, விசையைத்தான் அழுத்துகின்றன, எனவே பெயர் எப்படி இருந்தால் என்ன என்பது முதல் மறுப்பு. தினமும் செய்யும் இருபது செயல்களுக்கு இது உண்மை. மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கட்டளைக்கு விசை நினைவில் நிற்காது, பெயரைத்தான் தேட வேண்டும். சப்லைம் டெக்ஸ்ட், விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற புதிய தொகுப்பான்களில் பெயரைத் தட்டச்சு செய்து கட்டளையைத் தேடும் பெட்டி மையமான இடத்தைப் பிடித்திருப்பது இதனால்தான். மெனுவும் சுட்டியும் வந்தபோது பெயர்கள் ஓய்வுபெற்றுவிட்டன என்று எண்ணினோம். அவை முன்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கின்றன.

பழைய பெயரை மாற்றினால் பல ஆண்டுப் பழக்கமும் பிறர் எழுதிய நிரல்களும் உடைந்துபோகும் என்பது இரண்டாவது மறுப்பு. இது மதிக்கத்தக்கது. பயனருடைய பழக்கம் அவர் உழைத்துச் சேர்த்த சொத்து, அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பறிக்காமலும் மாற்றலாம். 'டாகிள்-ரீட்-ஒன்லி' என்று ஈமாக்ஸில் ஒரு கட்டளை இருந்தது. இத்தகைய நிலைமாற்றங்களுக்கெல்லாம் பெயரின் ஈற்றில் 'மோட்' என்று வருவதே அங்கு வழக்கமாகிவிட்டதால், 2013-இல் வந்த 24.3 பதிப்பில் அது 'ரீட்-ஒன்லி-மோட்' ஆயிற்று. பழைய பெயர் உடனே மறையவில்லை, வழக்கொழிந்தது என்ற குறிப்போடு தொடர்ந்து இயங்கியது. புதியவர் ஒழுங்கான பெயரைக் கற்றார், பழையவர் கை தடுமாறவில்லை. மாற்றம் கடினம் என்பது தொடக்கத்திலேயே கவனமாகப் பெயர்வைக்கச் சொல்லும் வாதமே தவிர, பிழையை என்றென்றும் வைத்துக்கொள்ளச் சொல்லும் வாதமாகாது.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. 1989-இல் ஜொனதன் குரூடின் ஒழுங்குக்கு எதிராகவே ஒரு கட்டுரை எழுதினார். வீட்டில் உள்ள கத்திகளை எல்லாம் கத்தி என்ற ஒரே காரணத்துக்காக ஒரே இழுப்பறையில் வைப்போமா என்று கேட்டார். உணவு மேசைக் கத்தி அடுக்களையில், பூச்சுவேலைக் கத்தி பட்டறையில், பயணக் கத்தி பயணப்பையில் என்று வேலையைப் பொறுத்து இடம் மாறும். மேலோட்டமான ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் பயனருக்குத் தீமையே என்பது அவர் வாதம். அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஏற்பதால் என் கருத்து கூர்மையடைகிறது. ஒழுங்கு எதைப் பின்பற்ற வேண்டும் என்பதே கேள்வி. நிரலாளர் பார்வையில் வரியை எடுப்பதும் பஃபரை மூடுவதும் ஒருவகையில் 'கொல்லுவது'தான். எழுதுபவர் பார்வையில் ஒன்றில் எழுத்து மிஞ்சுகிறது, மற்றொன்றில் மிஞ்சுவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தது கத்திகளை ஒரே இழுப்பறையில் போட்டதற்குச் சமம். விளைவு ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்றாக இருக்கட்டும், விளைவு வேறானால் சொல்லும் வேறாகட்டும்.

நான்காவதாக, ஃபர்னாஸ் குழுவினரே முன்வைத்த யோசனை ஒன்று உண்டு: ஒரு சொல்லைத் திணிக்காமல் மக்கள் சொல்லும் எல்லாச் சொற்களையும் மாற்றுப்பெயர்களாக ஏற்றுக்கொள்ளலாம். தேடும் வாசலில் இது மிகச் சரி. யார் எந்தச் சொல்லைத் தட்டினாலும் கதவு திறக்க வேண்டும். ஆனால் உள்ளே வந்தவரிடம் தொகுப்பான் ஒரே பெயரைத்தான் சொல்ல வேண்டும். கையேடு ஒரு பெயரையும் மெனு இன்னொரு பெயரையும் பிழைச்செய்தி மூன்றாவது பெயரையும் சொன்னால், ஒருவர் கற்றதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாமல் போகும்.

இதெல்லாம் நமக்கு வெளியூர்க் கதை அன்று. தமிழ் இடைமுகம் அமைப்பவர்கள் இந்தக் கேள்வியை நாள்தோறும் சந்திக்கிறார்கள். வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற மூன்றும் தமிழில் அழகாக அமைந்துவிட்டன. ஆனால் 'டிலீட்', 'ரிமூவ்' ஆகிய இரண்டுக்கும் நீக்கு என்றே எழுதும்போது சிக்கல் வருகிறது. பட்டியலிலிருந்து ஒரு கோப்பை எடுத்துவிட நினைப்பவர், கோப்பே அழிந்துவிடுமோ என்று அஞ்சுவார். நீக்கு என்பது 'டிலீட்' என்ற பொருளில் பரவலாக நிலைபெற்றுவிட்டது என்றால் அப்படியே இருக்கட்டும், மற்றதற்கு விலக்கு என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சொல் எதற்கு என்பதைவிட, இரண்டும் என்றைக்கும் கலக்காமல் இருப்பது முக்கியம். அதேபோல் சேமி, சேமிக்கவும், சேமித்தல் என்ற மூன்று வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து எல்லாக் கட்டளைகளுக்கும் வைக்க வேண்டும். குறுகிய ஏவல் வினையே ஏற்றது என்பது என் பரிந்துரை.

தமிழ் இலக்கணம் நமக்கு இன்னொரு வசதியையும் தருகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வருவதால், கோப்பு தொடர்பான கட்டளைகள் அகரவரிசையில் சிதறிவிடுகின்றன. அவற்றைச் சேர்த்துவைக்க விஷுவல் ஸ்டுடியோ கோட் 'ஃபைல்' என்ற வகைப்பெயரை முன்னொட்டாக இடுகிறது. தமிழில் வினை இறுதியில் வருவதால் வகைப்பெயர் இயல்பாகவே முன்னால் நிற்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. கோப்பைத் திற, கோப்பைச் சேமி, கோப்பை மூடு என்று உருபை விரித்து எழுதினால் நடுவில் ஒற்று மாறிமாறி வரும். கோப்பு என்று தட்டித் தேடுபவருக்கு எழுத்தும் பொருந்தாது. உருபைத் தொகையாக்கிவிட்டால் சிக்கல் தீர்கிறது. மரம் வெட்டு, பால் குடி என்று சொல்லும் மொழி இது. கோப்பு திற, கோப்பு சேமி, கோப்பு மூடு, வரி வெட்டு, சொல் தேடு என்பவையும் அதே மரபில் அடங்கும். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்பதால் பெயரின் முதற்பகுதி எங்கும் ஒரே வடிவில் நிற்கும். பள்ளியில் படித்த புணர்ச்சி விதி ஒன்று கணினியில் தேடலைச் சீராக்குகிறது.

பெயர் வைக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய கட்டளைக்குச் சொல் தேடும்போது அகராதியை முதலில் திறக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள பெயர்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி வாய்விட்டுப் படியுங்கள். எந்த இணைக்கு எதிரிணை இல்லை, எந்த வினை இரண்டு விளைவுகளைச் சுமக்கிறது, எங்கே சொல்வரிசை புரண்டிருக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். அதன்பிறகு புதிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நாளை முதன்முறையாக அந்தத் தொகுப்பானைத் திறக்கும் மாணவி, தனக்குத் தெரிந்த இரண்டு கட்டளைகளை வைத்து மூன்றாவதை ஊகித்துத் தட்டுவாள். அவள் ஊகித்த பெயரில் அந்தக் கட்டளை இருக்க வேண்டும்.